சாகசப் பயண பைக்: ஷோரூம் விலையோடு கணக்கு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாகசப் பயண பைக்குகளை ஒப்பிட்டுத் தங்கள் இதழ் வெளியிட்ட கட்டுரையில் என்ஜின் திறன், மைலேஜ், விலை ஆகியவை தெளிவாகவே இருந்தன. ஆனால், லடாக் போய்வந்தபின் போர்வை போட்டு மூடிவைப்பவருக்கு அந்த விவரங்கள் போதுமே தவிர, மழையிலும் வெயிலிலும் அதே வண்டியை நம்பிப் பிழைப்பவருக்குப் போதா. தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணிக்காக, ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்குச் சென்றுவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

350 சி.சி.யைத் தாண்டினாலே செலவின் தரம் மாறிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவு வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40 சதவீதம். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுகளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும், 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்டபடி, 150 சி.சி.க்கு மேல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். அதைத் தாண்டினால் 15,117 ரூபாய். இந்தக் கட்டணத்தின் மேல் வரி தனி.

இவையாவது வாங்கும்போதே தெரிந்துவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கியபின் செயின் கேட்கும் செலவை எந்த விலைப்பட்டியலிலும் காண முடியாது. மழை நாளில் காலையில் செயினுக்கு அடித்த மசகு (லூப்) மாலைக்குள் கழுவிக்கொண்டு போய்விட, மிச்சமிருக்கும் பிசுக்கில் செம்மண் ஒட்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதுபோல் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களை அரித்து, அவற்றை ஒரு பக்கமாகச் சாய்ந்த கொக்கிகளாக்கிவிடுகிறது. அந்த நிலையில் செயினை மட்டும் மாற்றுவது வீண். தேய்ந்த பல் புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும் என்பதால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவோரும் உண்டு; செயினுக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களுக்கு அது ஆகாது, மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும்.

டயர் விஷயமும் அப்படித்தான். கரடுமுரடுப் பாதைக்கான பட்டன் டயர் தார்ச்சாலையில் விரைவில் தேய்கிறது. 21 அங்குல முன்சக்கரத்துக்கு உரிய டயர் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. டியூப் உள்ள ஸ்போக் சக்கரமானால் பஞ்சருக்குச் சக்கரத்தையே கழற்ற வேண்டும். யானை கடக்கும் சாலையில் அந்திநேரத்தில் செய்யத்தக்க வேலை அன்று அது.

நம்பகத்தன்மை என்றதும் எல்லோரும் என்ஜினையே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் என்ஜின் வழியில் நிறுத்தியதே இல்லை. சைட் ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்து, கியர் போட்டவுடன் வண்டி அணைந்துபோனதும், நீர் இறங்கிய வீல் பேரிங் ஊளையிட்டதும், ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்காகிய கோன் செட் தளர்ந்து ஹேண்டில் ஆடியதும்தான் என்னை நிறுத்தின. சிறிய பாகங்கள்தாம்; ஆனால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் அவை இருப்பில் இல்லையென்றால், காத்திருக்கும் நாள்களில் இழக்கும் கூலி பாகத்தின் விலையை மிஞ்சிவிடுகிறது. ஆகவே, ஆண்டு முழுவதும் ஓட்டுபவருக்கு, உள்ளூர் மெக்கானிக் கைவைக்கத் தயங்காத, எடை குறைந்த 200 சி.சி. வண்டியே மேல் என்பது என் கருத்து. நெடுஞ்சாலையில் அது மூச்சுவாங்கும் என்பதை மறுக்கவில்லை.

இனி வரும் ஒப்பீடுகளில், குறைந்தது 20,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிகளின் உரிமையாளர்களைக் கேட்டு, மாற்றிய பாகங்கள், அவற்றின் விலை, காத்திருந்த நாள்கள் ஆகியவற்றையும் அட்டவணையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.