பேயை வாங்கினீர்கள், அதன் வழக்கை விட்டுவிட்டீர்கள்

ஹாலிவுட் ஸ்டூடியோக்களில் மறுஆக்க உரிமை வாங்கும் பொறுப்பில் இருப்போருக்கு,

வணக்கம்.

2002-இல் தொடங்கி 2008 வரை ஜப்பானியப் பேய்ப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஆங்கிலத்தில் எடுத்தீர்கள். தி ரிங், தி கிரட்ஜ், டார்க் வாட்டர், பல்ஸ், ஒன் மிஸ்டு கால். அலை ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்தபோது 2020-இல் இன்னொரு தி கிரட்ஜ் வந்தது. நாளைக்கே உங்களில் யாராவது பழைய பத்திரத்தைத் தூசி தட்டி எடுக்கக்கூடும். அதற்கு முன்னால், மூலத்தையும் மறுஆக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கும் பழக்கமுள்ள ஒரு ரசிகன் சொல்வதைக் கேளுங்கள்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் தி ரிங்கில் தொடங்குவதுதான் நியாயம், ஏனென்றால் அது நல்ல படம். ஏறத்தாழ 4.8 கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்க 24 கோடிக்கு மேல் வசூலித்தீர்கள். எங்களில் பலர் முதலில் பார்த்ததும் அதைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் அதன் மூலமான, ஹிடியோ நகாடா 1998-இல் எடுத்த ரிங்குவைத் தேடிப் போனோம். இரண்டிலும் ஒரு சாபக் கேசட், அதைப் பார்த்தவர் ஏழே நாளில் சாவார். உங்கள் படத்தில் ஒரு குதிரை வெறிபிடித்துக் கப்பலிலிருந்து கடலில் குதிக்கிறதே, அது ஜப்பானியப் படத்தில் இல்லை. இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி அதை யாரிடமும் கடன் வாங்காமல் தன் கதைக்குள்ளிருந்தே எடுத்தார். இன்றைக்கும் அந்தக் காட்சிக்கு வயிறு கலங்குகிறது.

என் வழக்கு அந்தப் படத்தின் பேயைப் பற்றியது.

ரிங்குவின் பேய், கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்ட சடாகோ. அவளுக்கு ஒரு தாய் உண்டு, ஷிசுகோ. ஓஷிமா தீவின் மிஹாரா எரிமலை வெடிக்கப்போவதை முன்கூட்டியே சொன்னவள். அவளை மேடையேற்றி, அவளுடைய சக்தியைச் சோதித்துக் காட்டுகிறார்கள். கூடியிருந்த பத்திரிகைக்காரர்கள் மோசடி, பித்தலாட்டம் என்று கத்துகிறார்கள். அங்கேயே ஒரு நிருபர் செத்து விழுகிறார். பிற்பாடு ஷிசுகோ அந்த எரிமலையிலேயே குதித்து உயிரை விடுகிறாள்.

இந்தக் கதைக்குப் பின்னால் நிஜ வரலாறு இருக்கிறது. மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணுக்கு ஞானதிருஷ்டி இருப்பதாக நம்பி, டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுகுராய் தொமோகிச்சி 1910-இல் அறிஞர்கள் முன்னால் அவளை வைத்துச் சோதனை நடத்தினார். மோசடி என்ற பேச்சு கிளம்பியது. மறு ஆண்டே அவள் விஷம் குடித்து இறந்தாள். மிஹாரா எரிமலையும் சும்மா ஒரு பின்னணி இல்லை. 1933-ஐ ஒட்டி நூற்றுக்கணக்கானோர் தேடிப் போய்க் குதித்து மாண்ட இடம் அது. ஜப்பானியப் பார்வையாளருக்குத் தீவின் பெயரைச் சொன்னாலே பாதிக் கதை சொன்ன மாதிரி.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கேசட்டின் மர்மத்தைத் துப்புத் துலக்கும் நாயகி ரெய்கோவே ஒரு நிருபர். அந்தத் தாயைக் கூச்சலிட்டுக் கொன்ற கூட்டத்தின் வாரிசு. அவள் கிணற்றுக்குள் இறங்கி சடாகோவின் எலும்புக்கூட்டை மடியில் எடுத்து அணைக்கும்போது, தன் தொழில் செய்த பாவத்தையும் சேர்த்துத்தான் அணைக்கிறாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்கள் நாயகி ரேச்சலையும் நிருபராகவே வைத்துக்கொண்டீர்கள். அவள் தொழிலுக்கும் பேய்க்கும் இருந்த தொடர்பை வெட்டிவிட்டீர்கள். மேடையும் இல்லை, கூச்சலும் இல்லை. பதிலுக்கு ஒரு மனநல மருத்துவமனை, அதன் கோப்புகள், தத்தெடுத்த தாய், செத்த குதிரைகள். கடைசியில் ரேச்சலின் மகனே அவளைக் கேட்கிறான், அந்தப் பெண்ணுக்கு ஏன் உதவினாய் என்று. ஆக, உங்கள் படத்தின் பேயான சமாரா பிறவியிலேயே கெட்டவள். அவளுக்கு யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வியே எழாது. அநியாயத்துக்கு ஆளானவளைக் கோளாறோடு பிறந்த குழந்தையாக்கிவிட்டு, உலகமெல்லாம் சேர்ந்து அவளைப் பார்த்து நிம்மதியாகப் பயப்பட வழி செய்துவிட்டீர்கள்.

முடிவிலும் இதே கதைதான். (இருபது வருடம் கழித்தும் முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாராவது கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.) கேசட்டைப் பார்த்துவிட்ட மகன், அதைப் பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் பிழைப்பான். ரெய்கோ என்ன செய்கிறாள்? தன் அப்பாவுக்குப் போன் போடுகிறாள், பேரனுக்காக ஒரு உதவி வேண்டுமென்று. வீடியோ பிளேயரை வண்டியில் வைத்துக்கொண்டு புறப்படுகிறாள். மேகம் கறுத்த வானத்தின் கீழ் அந்தக் கார் போய்க்கொண்டே இருக்கிறது. பேரனுக்குத் தாத்தா பலி! அதைவிடக் கொடூரமான காட்சி அந்தப் படத்தில் கிடையாது, அதில் பேயும் கிடையாது. உங்கள் படத்தில் மகன் கேட்கிறான், நாம் யாருக்குக் காட்டுகிறோமோ அவருக்கு என்ன ஆகும் என்று. ரேச்சல் பதில் சொல்வதில்லை. அந்த யாரோ ஒருவர் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முகம் தெரியாதவரைப் பலி கொடுப்பது எளிது.

பேய் டிவிக்குள்ளிருந்து வெளியே வரும் காட்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். சடாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். செலவு என்று பெரிதாக எதுவுமில்லை. முகத்தையும் காட்டவில்லை, தலைமுடிக்கு நடுவில் ஒரு கண் மட்டும். நீங்கள் சமாராவின் அழுகிய முகத்தைக் காட்டினீர்கள். பார்த்த முகம் பழகிவிடும்.

விளக்கம் சொல்லாவிட்டால் ஜனங்களுக்குப் புரியாது என்று உங்கள் கூட்டங்களில் யாராவது சொல்லியிருப்பார்கள். அவருக்கு ராசென் படத்தின் கதையைச் சொல்லுங்கள். 1998 ஜனவரியில் ரிங்குவும் அதன் தொடர்ச்சியான ராசெனும் ஒரே நாளில், ஜோடியாக வெளியாயின. இரண்டுக்கும் மூலம் கோஜி சுசுகியின் நாவல்கள். ராசென் சாபத்தை வைரஸ், மரபணு என்று அறிவியலாக விளக்கியது. ரிங்கு தீயாகப் பரவியது, ராசென் எடுபடவில்லை. தயாரிப்பாளர்கள் ராசெனையே மறந்துவிட்டு, மறு ஆண்டு நகாடாவை வைத்து வேறொரு இரண்டாம் பாகம் எடுத்தார்கள். நீங்கள் பிற்பாடு செய்த பரிசோதனையை ஜப்பானே முன்னால் செய்து, அதன் விடையையும் எழுதி வைத்திருந்தது. வாங்கும்போது யாரும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது.

விசாரித்திருந்தால் 2006-இல் பல்ஸ் எடுத்திருக்க மாட்டீர்கள். அதன் மூலமான, கியோஷி குரோசாவாவின் கைரோ 2001-இல் வந்தது. இணையம் அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தில் பேய் யாரையும் தாக்குவதில்லை. தூரத்திலிருந்து ஒரு பெண் நடந்து வருகிறாள். நடுவில் கால் இடறி, சாய்ந்து, நிமிர்ந்து மறுபடி வருகிறாள். அவ்வளவுதான். செத்த பிறகும் தனிமைதான் என்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு ஒவ்வொருவராகச் சுவரில் கறுப்புக் கறையாகிப் போகிறார்கள். ஏன் இப்படி ஆனது என்று ஒரு மாணவன் ஊகம் சொல்கிறான், ஊகத்தோடு சரி. உங்கள் பல்ஸில் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி ஒன்று புதிய அலைவரிசையைக் கண்டுபிடிக்கிறது, அதன் வழியாகப் பேய் வருகிறது, கிராஃபிக்ஸில் பாய்கிறது, உயிரை உறிஞ்சுகிறது. அதை நிறுத்த ஒரு வைரஸைக் கொண்டுபோய் சர்வரில் ஏற்றுகிறார்கள். தனிமைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர்!

தி கிரட்ஜைப் பற்றிச் சுருக்கமாக. 2004-இல், மூலமான ஜூ-ஆனை எடுத்த தகாஷி ஷிமிசுவையே அழைத்து, டோக்கியோவிலேயே எடுக்கவிட்டீர்கள். மூலத்தில் பேயாக நடித்த தகாகோ ஃபுஜிதான் அதிலும் பேய் கயாகோ. இதைவிட நேர்மையாக ஒரு மறுஆக்கம் செய்ய முடியாது, ஆனாலும் ஏதோ நழுவிவிட்டது. ஜூ-ஆனில் அந்த வீடு யாருடைய வீடாகவும் இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் மாமியாரும் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணும் அந்த ஊர்க்காரர்கள். அமெரிக்கர்களை அங்கே குடிவைத்ததும் பயத்தில் பாதி, பாஷை தெரியாத ஊரின் பயமாகிவிட்டது. 2008-இன் ஒன் மிஸ்டு கால், விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 0 சதவீதம் வாங்கியது. அதற்கு மேல் நான் எதற்கு? டார்க் வாட்டரை வால்டர் சாலஸ் அக்கறையோடுதான் எடுத்தார். ஆனால் பத்து வருடம் கழித்து மகள் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, அம்மா தன்னை ஏன் விட்டுப் போனாள் என்று உணரும் கடைசிப் பகுதி அதில் இல்லை. மூலத்தின் உயிரே அதுதான்.

காட்டாமல் பயமுறுத்துவது ஜப்பானியரின் தனிச்சொத்து என்று நான் சொல்லவில்லை. எம்ஜிஎம்முக்காக ராபர்ட் வைஸ் 1963-இல் எடுத்த தி ஹான்டிங்கில் பேயே வராது. ஒரு கதவு உள்வாங்கிப் புடைக்கும், அவ்வளவே. வித்தை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

இனி என் கோரிக்கை. உரிமை வாங்கும்போது மூலப் படத்தையும் சேர்த்துப் பூட்டிவைக்காதீர்கள். ரிங்கு அமெரிக்காவில் டிவிடியாக வெளிவந்தது 2003-இல், அதாவது தி ரிங் ஓடி முடிந்து, வசூலும் வந்துசேர்ந்த பிறகு. அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மறுஆக்கம் வெளியாகும் அதே மாதத்தில் மூலப் படமும் வசன எழுத்துகளோடு அதே நாடுகளில் வெளியாக வேண்டும். எங்கள் ஊரையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். உங்கள் படம் ஒப்பீட்டுக்குத் தாங்காது என்று உங்களுக்கே தோன்றினால், அந்தப் படத்தை எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டையும் பார்த்த ஒரு ரசிகன்