கண்ணாடி அணிவோருக்கு ஏற்றது என்று விற்ற மைக்ராஸ்கோப் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெட்டியின் மேல் 'கண்ணாடி அணிவோருக்கு ஏற்றது' என்று அச்சிட்டிருந்ததை நம்பித்தான் உங்கள் இருகண் மைக்ராஸ்கோப்பை வாங்கினேன். கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் நடுப்பகுதி மட்டும் தெரிகிறது, ஓரமெல்லாம் இருட்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸை மாற்றித் தந்தீர்கள். மாறி வந்ததும் அதே ரகம்.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க சார். பிரச்சினை உங்க கண்ணுல, எங்க மெஷின்ல இல்ல." சொல்லிவிட்டு இணைப்பையும் துண்டித்தார். மைக்ராஸ்கோப் விற்கிறவர் பேசுகிற பேச்சா இது? வெறும் மைனஸ் பவர் என்றால் ஃபோகஸ் திருகிலேயே சரியாகிவிடும். இரு கண்ணுக்கும் பவர் வேறு என்றால் அதைச் சரிசெய்ய ஐபீஸில் டயாப்டர் வளையம் இருக்கிறது. எனக்கு இருப்பது சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை பவர் மாறும் குறை), மைனஸ் 2.50. திருகை எப்படித் திருப்பினாலும் கிடைக்கோடு தெளியும்போது செங்குத்துக்கோடு மங்கும். இது உங்களுக்குத் தெரியாததா?

கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. அதையும் தாண்டி ஒளி வந்து சேர ஐபீஸுக்கும் கண்ணுக்கும் 18, 20 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். நீங்கள் கொடுத்ததில் அதில் பாதிகூட இல்லை. உலோக விளிம்பு உரசி உரசி என் புதுக் கண்ணாடியின் கோட்டிங்கும் போய்விட்டது. அதற்கு யார் பொறுப்பு?

'2000 மடங்கு' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸான 100எக்ஸ் ஆப்ஜெக்டிவின் மேலேயே என்.ஏ. (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு) 1.25 என்று இருக்கிறது. அதை வைத்து 1250 மடங்குக்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும், புதிதாக ஒன்றும் தெரியாது. அதற்காகக் கூடவே வைத்த 20எக்ஸ் ஐபீஸில் இமையே இடிக்கிறது.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் கொண்டுவரச் சொன்னீர்களே, அதைச் சொல்ல மறந்தேன். அத்தனை கனத்தையும் சுமந்து வந்து அரை நாள் காத்திருந்தேன். டெக்னீஷியன் லென்ஸைத் துணியால் துடைத்தார், தானே எட்டிப் பார்த்தார், 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்தார். அவர் கண்ணாடி போடாதவர்! அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

என் ஆராய்ச்சி வேலை மொத்தமும் நாசமாகிவிட்டது. தயவுசெய்து கண்ணைத் தள்ளி வைத்துக் கண்ணாடியோடு பார்க்கக்கூடிய ஹை ஐபாயிண்ட் ஐபீஸ் ஒரு ஜோடி அனுப்புங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஒரு வாரத்தில் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றம் போவேன், பெட்டியோடு. அந்த ஊழியரை மட்டும் மறுபடி என்னிடம் பேச வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, கண் பரிசோதனைச் சீட்டு, 'நார்மல்' என்று எழுதிய சர்வீஸ் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்