கூடையைக் காட்டி மிரட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சை நெருங்கிவிட்டால் நம் மலையகப் பாடசாலைகளில் தன்னம்பிக்கை உரைகளும் வரிசைகட்டி வந்துவிடும். பேச்சாளர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களின் வாயிலிருந்து வரும் சொற்களைப் பற்றி யாராவது பேசித்தான் ஆக வேண்டும்.

“படிக்காவிட்டால் நீயும் உன் அம்மா மாதிரிக் கூடை தூக்க வேண்டியதுதான்!” அண்மையில் எங்கள் பகுதிப் பாடசாலையொன்றில் பேச்சாளர் இப்படி முழங்கினார். மண்டபத்தின் பின்பக்கம், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே வந்த தாய்மார் சிலர், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றிருந்தார்கள். பிள்ளைகள் கைதட்டவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சப்பாத்தும் கொப்பியும் அந்தக் கூடையிலிருந்து வந்தவை. பெற்றவளை நினைத்துக் கூனிக் குறுக வைத்துவிட்டு எந்த ஊக்கத்தை ஊட்டப் போகிறோம்?

அப்புறம், “நீங்கள் எல்லோரும் பிறவி மேதைகள்” என்பார்கள். கேட்க இனிக்கும். அமெரிக்க உளவியலாளர்களான கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. அதில் பங்கேற்றவர்கள் நம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளின் வயதுக்காரர்கள். புதிர்களை முடித்ததும் சிலரிடம் “நீ கெட்டிக்காரன்” என்றார்கள், வேறு சிலரிடம் “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்தார்கள். அதன்பின் பழையபடி இலகுவான புதிர்கள் வந்தபோதும் ‘கெட்டிக்காரர்’களின் புள்ளிகள் முன்பைவிடக் குறைந்தன, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களின் புள்ளிகள் கூடின. கணிதத்தில் ஒருமுறை சறுக்கினாலே “எனக்கு மூளை இல்லை” என்று ஒதுங்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்க்கிறேன். மேதை என்று சொல்லிவிட்டுப் போகிறவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

“முடியும், முடியும்” என்று கத்த வைப்பதும் வீடு போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடுகிறது. “இராச்சாப்பாடு முடிந்ததும் கடந்தகால வினாத்தாளில் இரண்டு கணக்குச் செய்வேன்” என்று நேரத்தோடும் வேலையோடும் சேர்த்துச் சொல்ல வைத்தால் செய்து முடிக்கும் வாய்ப்புக் கூடும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லயத்து அறையில் ஐந்தாறு பேருக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்குத் தேவை இந்த மாதிரிப் பேச்சுத்தான்.

அதிபர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள்: பேச்சாளரை அழைக்கும்போதே, பெற்றோரின் தொழிலை இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் அதே தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன ஓர் அக்காவையோ அண்ணனையோ மேடையேற்றுங்கள். எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து படித்தார்கள், எந்தப் பாடத்தில் முதல் தடவை கோட்டை விட்டார்கள், பிறகு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லட்டும்.

ஓர் ஆசிரியை,
பொகவந்தலாவை.