கூலிச் சுவரொட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

நடவு தொடங்குமுன் மேலூர் வட்டாரத்தில் ‘ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி’ சுவரொட்டி ஊர் ஊராகப் போய்ச் சேர உதவிய எல்லாருக்கும் வணக்கம்.

முதல் நன்றி நடவுக்குப் போகும் அக்காமாருக்கு. நடுகிறவர் பின்னோக்கித்தான் நகர்வார், நாற்று முடி இடக்கையில் இருக்கும், கதிரறுக்கும் அரிவாளுக்கு உள்பக்கம் பல் பல்லாகக் கருக்கு உண்டு. இதெல்லாம் நீங்கள் சொல்லிப் படத்தில் ஏறியது. படம் பொய் என்று பட்டால் வயல்காட்டு ஆள் வாசகத்தையும் நம்பமாட்டார். “நாத்து ஒண்ணு, சேறு ஒண்ணு, கூலி மட்டும் ரெண்டா?” என்ற வரியும் உங்களுடையதே. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டதை அடியில் சின்னதாகப் போட்டோம்.

அந்த வரியில் ‘ண’கரம்தான் தொல்லை. 20-க்கு 30 அங்குலத் தாளில் எழுத்து 3 அங்குலம் இருந்தாலும், கோடு தடித்தால் சுழிக்குள் மை இறங்கி அடைத்துக்கொள்ளும். சுழியை அகட்டி எழுதச் சொன்னவர் ஸ்கிரீன் பிரிண்டிங் அண்ணன். மை தண்ணியாக இருக்கக் கூடாது, ஸ்குவீஜியை (மை இழுக்கும் ரப்பர் கட்டையை) ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், வேலை முடியும்வரை ஃபேன் கூடாது என்றார். மதுரை வெக்கையோடு ஃபேன் காற்றும் சேர்ந்தால் மை ஸ்கிரீனின் வலைத்துணியிலேயே காய்ந்து, அடுத்த தாளில் எழுத்து விட்டுவிட்டு விழும். சிவப்புத் தாளில் கறுப்பு அந்தி நேரத்தில் தெரியாது என்று மஞ்சளுக்கு மாற்றியதும் அவரே. (தோழர்கள் சிலருக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.)

கலிபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர் சங்கம் 1962-இல் கறுப்புக் கழுகைக் கொடியில் வைத்தபோது, யாரும் எளிதாக வரையட்டும் என்றே இறக்கை விளிம்பைப் படிக்கட்டாக, நேர்கோடுகளில் அமைத்தார்கள். அதைச் சொல்லி எங்கள் படத்திலும் கோடுகளைக் குறைக்க வைத்த ஓவிய ஆசிரியருக்கு நன்றி.

பசை காய்ச்ச அடுப்புத் தந்த டீக்கடை அக்காவுக்கும்தான். ஒரு கிலோ மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்த பிறகே கொதிக்கும் 7 லிட்டரில் ஊற்ற வேண்டும். மாவை நேரே கொட்டினால் கட்டி தட்டும், அந்த இடத்தில் தாள் உப்பிக் கிழியும். மயில்துத்தம் போட்டால் பசை கெடாது. ஆனால் அது விஷம், ஆடுமாடோ மைதாவுக்காகத் தாளோடு தின்னும். அதனால் துத்தம் சேர்க்காமல், அன்றைய பசையை அன்றே தீர்த்து, ஆளுயரத்துக்கு மேலே ஒட்டினோம்.

சுவர் கொடுத்து எழுத்திலும் சம்மதம் தந்த வீட்டுக்காரர்களே, சுண்ணாம்புச் சுவரில் காய்ந்த தாளை உரிக்காதீர்கள், பூச்சும் சேர்ந்து வரும். வெந்நீரில் ஊறவிட்டு எடுக்க வேண்டும். சொல்லி அனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்து, வெள்ளையும் அடித்துத் தருகிறோம்.