படம் இருக்கிறது, பேச்சு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லூயிஸ் கரோலின் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையைக் கொங்கு நாட்டுக்குக் கொண்டுவந்து, செத்தும் நடமாடும் ஜாம்பிகளை உள்ளே விட்டு, தங்கள் வார இதழில் பதினோரு வாரமாக வரும் ஆலிஸ் ஜாம்பித் தொடரைப் பற்றி எழுதுகிறேன். சிறுவர் கதைக்குள் பிணத்தை நடக்க விடலாமா, பிள்ளைகள் பயந்துகொள்ள மாட்டார்களா என்று இரண்டு வாசகர்கள் கோபமாக எழுதியிருந்ததைப் படித்தேன். நான் அந்தக் கட்சி இல்லை. என் குறை வேறு.

என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது வயது. இதழ் வந்ததும் "அப்புச்சி, ஜாம்பி வந்துருச்சு" என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அவளே நன்றாகப் படிப்பாள். ஆனாலும் நான் வாசித்தால்தான் ஆளுக்கொரு குரல் வரும் என்று என்னை உட்கார வைத்துவிடுவாள். முதல் நான்கு வாரம் தொண்டை கட்டும் அளவுக்கு வேலை இருந்தது. ஒன்பதாம் வாரத்தில் மூன்று பக்கம் வாசித்தேன். அதில் மனிதக் குரலில் பேச எனக்குக் கிடைத்தது "ஓடு!" மட்டும். மற்றதெல்லாம் "கர்ர்ர்". எண்ணிப் பார்த்தேன், பதினான்கு கர்ர்ர். பேத்தி பாதியிலேயே எழுந்து பொடக்காளிப் பக்கம் பூனையைத் தேடிப் போய்விட்டாள்.

மூலக் கதை 1865-இல் புத்தகமாக வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1862 ஜூலை 4 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியாராக இருந்த கரோல் மூன்று சிறுமிகளைப் படகில் வைத்துக்கொண்டு போகும்போது வாயாலேயே சொன்ன கதை அது. புத்தகத்தின் முதல் பத்தியிலேயே ஆலிஸ், அக்கா படிக்கும் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, படமும் பேச்சும் இல்லாத புத்தகத்தால் என்ன பிரயோசனம் என்று நினைக்கிறாள். முயலே அதற்கப்புறம்தான் வருகிறது. தங்கள் தொடரில் படம் பிரமாதம், ஓவியரைப் பாராட்ட வேண்டும். பேச்சைத்தான் காணோம்.

கொங்கு நாட்டுக்குக் கதையைக் கொண்டுவந்ததில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. நன்றாகவே செய்திருக்கிறார் தொடர் எழுதும் தம்பி. முயல் வளைக்குப் பதில் மூடாத போர்வெல் என்று வைக்காமல், மாடு கட்டிக் கவலை இறைத்த பழைய கிணற்றில் ஆலிஸை இறங்க விட்டது நல்ல யோசனை. போர்வெல் என்றால் எங்கள் பக்கம் அது கற்பனைக் கதையாக இருக்காது, வயிற்றைக் கலக்கும். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவிலும் ஜாம்பிகள் திரும்பத் தெரியாமல் நேரே போய் விழுகிற இடத்தில் பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் கம்பளிப்புழு. மூலத்தில் அது காளான் மேல் உட்கார்ந்து ஹூக்கா புகைத்தபடி ஆலிஸைப் பார்த்து நீ யார் என்று கேட்கும். தம்பி அதைக் கோபி பக்கத்துப் பட்டுப்புழு மனையில், மல்பெரி இலை மேல் உட்கார வைத்து, "நீ யாரூட்டுப் புள்ள?" என்று கேட்க வைத்தார். வாசித்துக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் பெரியவர்கள் தெருவில் தெரியாத பிள்ளையைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தானே. மூலத்தில் ஆலிஸ் சொல்லும் பதிலும் லேசுப்பட்டதல்ல. காலையில் எழுந்தபோது யாராக இருந்தேன் என்று தெரியும், அதற்குள் பல தடவை மாறிவிட்டேன் என்பாள். யாரூட்டுப் புள்ள என்று கேட்டதற்கு அவள் இப்படித் திணறினால் எப்படி இருக்கும்! அடுத்த வாரம் முழுக்க இது ஓடும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் முதல் வரியிலேயே புழுவை ஜாம்பி கடித்துவிட்டது. கர்ர்ர்.

அதிலும், ஜாம்பி ஆவதற்கு நியாயமான காரணம் இருக்கிற ஒரே ஜந்து பட்டுப்புழுதான். கூட்டுக்குள் இருக்கும்போதே சூடு காட்டிக் கொன்று, கூட்டை வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறோம். அது எழுந்து வந்தால் நம்மிடம் கேட்க அதற்கு எவ்வளவு இருக்கும்! வாயைத் திறக்க விடவில்லையே.

ஜாம்பி என்றால் பேசாது, அதுதான் இலக்கணம் என்று தம்பி சொல்லலாம். கூட்டமாக வந்து ஆளைத் தின்கிற ஜாம்பி 1968-இல் வந்த ஒரு அமெரிக்கப் படத்துக்குப் பிறகு பரவியது. அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே கிடையாது. அதற்கு முந்தைய ஜாம்பி ஹைத்திக்காரர்களுடையது. அங்கே கரும்புத் தோட்டத்தில் அடிமையாகச் செத்தவர்களின் பயம் அது. செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்களோ என்ற பயம். முப்பத்தோரு வருடம் ஸ்பின்னிங் மில்லில் இருந்தவனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் ஷிப்டில், விடியக்காலம் மூன்று மணிக்கு, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் மெஷின் சந்தில் சைடு (மெஷினின் ஒரு பக்கம்) பார்க்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறீர்களா? தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு படிந்து வெள்ளையாக இருக்கும். கண் பாதி மூடியிருக்கும். கால் நடக்கும், கை தன் பாட்டுக்கு அறுந்த நூலை ஒட்டும். ஆனால் பக்கத்தில் போனால், அந்த மெஷின் சத்தத்திலும் காதோடு காதாக ஒரு கேலியோ வசவோ சொல்லிக்கொண்டுதான் இருப்போம். அது இல்லாவிட்டால் ஷிப்டு நகராது.

இதனால்தான் தேநீர் விருந்தில் வரும், தொப்பி செய்து விற்கிற தொப்பிக்காரனை விட்டுத் தள்ளியது எனக்குத் தாங்கவில்லை. மூலத்தில் அவனுக்கும் காலத்துக்கும் சண்டை. அவன் பாடிய பாட்டைக் கேட்டு, காலத்தைக் கொலை செய்கிறான், தலையை வெட்டு என்று ராணி கத்த, அன்றிலிருந்து காலம் அவனுக்கு நகர மறுத்துவிட்டது. எப்போதும் மாலை ஆறு மணி. எப்போதும் தேநீர் நேரம். கோப்பை கழுவ நேரம் இல்லாததால் ஒவ்வொரு இருக்கையாக நகர்ந்துகொண்டே போகிறார்கள். சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை, ஓயவும் இல்லை. ஜாம்பியைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதே இல்லை, மேசையிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அவனும் ஒரு தொழிலாளிதான். அந்தக் காலத்தில் தொப்பிக்கான ஃபெல்ட் துணிக்கு ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் சேர்ப்பார்கள். அதன் ஆவியைச் சுவாசித்துக் கை நடுங்கி, பேச்சுக் குழறி, புத்தி தடுமாறிப் போனவர்கள் அநேகம். மூலத்தை எழுதியவர் இதை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம். எங்களுக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிய மாதிரி அவர்களுக்குப் பாதரசம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்றும் மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. தங்கள் தொடரில் தொப்பிக்காரன் ஒரு பேக்கரி வாசலில் தேங்காய் பன்னைக் கையில் பிடித்தபடி ஒரு படத்தில் நிற்கிறான், அடுத்த படத்தில் அவனுக்குத் தலை இல்லை. சரி, கோயமுத்தூரில் பேக்கரி இல்லாமல் தேநீர் விருந்தா, அது பொருத்தம். ஒரு வாக்கியமாவது பேசியிருக்கலாமே.

பிணம் பேசுவது நமக்குப் புதிதா என்ன? விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு போவது பிணம்தானே. அது கதை சொல்லும், கதை முடிந்ததும் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறாக வெடித்துவிடும். ஒரு கையில் வாள், தோளில் பிணம் என்று அம்புலிமாமாவில் நாமெல்லாம் பார்த்த அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் தாராபுரம் பக்கம் காரத்தொழுவில் பிறந்தவர். 2020-இல் காலமானார். எங்கள் பக்கத்து ஆள் வரைந்த பிணம் அவ்வளவு வாயாடி. எங்கள் பக்கத்தைக் களமாக வைத்து எழுதும் கதையில் பிணங்களுக்கு நாக்கே இல்லை.

இன்னும் கிட்டத்தில் சொல்கிறேன். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளைக் கும்பிடும் அண்ணன்மார் கோயில்களில் உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாக அவர்கள் கதை பாடி, அவர்கள் செத்து விழுந்ததை நடித்துக் காட்டும் படுகளத்தன்று ஆட்கள் செத்தவர் போலச் சாய்வார்கள். தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். சின்ன வயதில் அப்பாரின் தோள்மேல் உட்கார்ந்து பார்த்தபோது கால் நடுங்கியது நினைவிருக்கிறது. கதையில், தங்காள் தேடி வந்து எழுப்பியதும் பொன்னரும் சங்கரும் எழுந்து யாரையும் கடிக்கவில்லை. தங்கையோடு கொஞ்சம் பேசிவிட்டு மறுபடி சாய்ந்துவிடுகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் ஊரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும். பயமும் அதில்தான்.

ராணியைப் பற்றி ஒன்று. "தலையை வெட்டு" என்று எதற்கெடுத்தாலும் கத்துகிறவள், ஜாம்பிக் கதைக்குள் வந்தால்தான் முதல் தடவையாகச் சரியான யோசனை சொல்கிறாள், ஏனென்றால் ஜாம்பியைத் தலையில் அடித்தால்தான் அடங்கும். இந்த வேடிக்கையைத் தம்பி கவனித்ததாகத் தெரியவில்லை. மூலத்தில் அவள் கத்துவதோடு சரி, உண்மையில் யாரையும் வெட்டுவதில்லை என்று ஒரு பாத்திரம் ஆலிஸிடம் போட்டு உடைத்துவிடும். தங்கள் ராணியோ வாளை எடுத்து வெட்டிக்கொண்டே போகிறாள், அதுவும் மெட்ராஸ் தமிழில். கொங்கு ராணி என்றால் எவ்வளவு கோபத்திலும் மரியாதை போகாது: "அந்தப் புள்ள தலைய வெட்டிப்போடுங்க" என்றல்லவா சொல்வாள்.

இன்னும் மூன்று வாரம் இருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். சிரிக்கும் பூனை இன்னும் வரவில்லை. மூலத்தில் பூனையின் தலை மட்டும் ஆகாயத்தில் தெரியும். அதை வெட்டச் சொன்னால், உடம்பு இருந்தால்தானே அதிலிருந்து தலையை வெட்ட முடியும் என்று வெட்டுகிறவன் வாதாடுவான். தலை என்று ஒன்று இருந்தால் வெட்டலாம் என்பான் ராஜா. இப்போதே ஏதாவது செய்யாவிட்டால் எல்லார் தலையையும் வெட்டுவேன் என்பாள் ராணி. ஜாம்பிக் கதை எழுதுகிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய சீதனம் கிடைக்குமா? தம்பியிடம் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாமல், மூன்று பேரையும் ஒரு பக்கம் முழுக்கச் சண்டை போட விடட்டும். குரலுக்கு நான் ஆயிற்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, தன் கேள்வியையும் சேர்க்கச் சொன்னாள். தலை மட்டும் இருக்கிற பூனையை ஜாம்பி கடிக்க வந்தால் எங்கே கடிக்கும்? கடித்த பிறகு பூனை மறைந்துபோனால் ஜாம்பியின் வாயில் என்ன இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு இருக்கும் என்கிறாள் அவள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர்,
சிங்காநல்லூர், கோயமுத்தூர்.