பழசாகிப் போகும் கடதாசிகள்: பிரித்தானிய உள்துறை அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

புகலிட விண்ணப்பங்களுக்கு முடிவெழுதும் அதிகாரிகளுக்கு,

கொழும்பு புதுக்கடையிலிருந்து எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் உங்கள் நாட்டில் போடும் அகதி கேஸுகளுக்கு இங்கிருந்து போகிற கடதாசிகளை எடுத்துக் கொடுப்பதும் மொழிபெயர்ப்பதும் எங்கள் தொழில். வருடக்கணக்கில் காத்திருப்பது மனிதரை என்ன செய்கிறது என்று உங்கள் ஊரிலேயே பலர் சொல்லிவிட்டார்கள். அது கடதாசியை என்ன செய்கிறது என்பதைத்தான் நாங்கள் சொல்ல வருகிறோம்.

ஆறு மாதத்துக்குள் முடிவு என்ற இலக்கை 2019இல் கைவிட்டீர்கள். 2023இல் தேக்கத்தைக் குறைக்க ஆப்கானிஸ்தான், சிரியா, எரித்திரியா போன்ற சில நாட்டவருக்கு, இன்டர்வியூவுக்குப் பதிலாகக் கேள்விக்கொத்தோடு ஒரு குறுக்குவழி திறந்தீர்கள். அந்தப் பட்டியலில் இலங்கை இருக்கவில்லை. ஆகவே எங்கள் ஆட்களின் கேஸ் ஆவணத்தையும், முதல் இன்டர்வியூவுக்குப் பிறகு முழு விபரமும் கேட்கும் பெரிய இன்டர்வியூவையும் நம்பித்தான் நிற்கிறது. காலம் போகப்போக இரண்டுமே கெட்டுப்போகும்.

முதலில் நீதிமன்றப் பதிவு. கொழும்பில் கைதானவரைப் பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் பி அறிக்கை சிங்களத்தில் இருக்கும். சட்டத்தரணி நீதவான் நீதிமன்றத்தில் மோசன் (கோரிக்கை மனு) போட்டு, கட்டணம் கட்டி, அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, கூரியரில் அனுப்ப வேண்டும். வழக்கு எண் கையில் இருந்தால் நாலைந்து கிழமை. எண் இல்லாவிட்டால் திகதியை வைத்துப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். வழக்கு முடிந்தோ கிடப்பிலோ போனால் கோப்பு பதிவறைக்கு இறங்கிவிடும். அங்கிருந்து அதை மேலே எடுப்பது தனி வேலை.

இப்படி எடுத்த பிரதி, எடுத்த நாளின் நிலவரத்தைத்தான் சொல்லும். விண்ணப்பத்தோடு கொடுத்த பிடியாணைப் பிரதியை மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும் அதிகாரி, பிடியாணை இன்னும் நடைமுறையில் இருக்கிறதா என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தச் சந்தேகம் கேள்வியாக வருவதில்லை, நிராகரிப்புக் கடிதத்தில் ஒரு பந்தியாக வருகிறது. மேன்முறையீட்டுக்கு 14 நாள். நாலைந்து கிழமை வேலையை 14 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறீர்கள்.

கடதாசியே இல்லாத கேஸும் உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் அமைச்சரின் தடுப்புக் கட்டளையோடு ஒருவரை 18 மாதம் வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது. 2022இல் அதை 12 மாதமாக்கினார்கள். அப்படி இருந்தவருக்காகத் தேட வேண்டியது குற்றப்பத்திரிகை அல்ல. கட்டளையின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் குடும்பம் முறையிட்ட பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தடுப்பில் பார்வையிட்டிருந்தால் அதன் அத்தாட்சி, இவைதான். காசு கொடுத்து வெளியே வந்தவருக்கோ யாரும் விடுதலைக் கடிதம் எழுதித் தருவதில்லை.

கடிதங்களின் ஆயுள் இன்னும் குறைவு. 2019இல் கடிதம் கொடுத்த கிராம உத்தியோகத்தர் இடம்மாறியிருப்பார். பாராளுமன்ற உறுப்பினர் 2020 தேர்தலிலோ 2024 தேர்தலிலோ தோற்றிருப்பார். கடிதத் தலைப்பிலுள்ள இலக்கத்தை இன்று அழைத்தால் வேறு யாரோ எடுப்பார்கள். அதனால் கடிதம் பொய்யாகிவிடாது. வந்த கையோடு சரிபார்த்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும்.

சித்திரவதைத் தழும்பும் ஒரு ஆவணம்தான். புதிதில் அதன் வயதை மருத்துவர் ஓரளவு சொல்வார். ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் அது வெளிறி முற்றிவிடும். பிறகு காயம் எப்படிப்பட்டது என்று சித்திரவதையை ஆவணப்படுத்தும் ஐ.நா. கையேடான இஸ்தான்புல் நெறிமுறைப்படி எழுதலாம். எப்போது பட்டது என்று எழுத முடியாது.

இலங்கை அரசிதழான வர்த்தமானியும் சும்மா இருப்பதில்லை. 2014 மார்ச்சில் 16 அமைப்புகளையும் 424 பேரையும் தடைசெய்தார்கள். 2015இல் சிலவற்றை நீக்கி, 2021இல் திரும்பச் சேர்த்து, 2022இல் மறுபடி நீக்கினார்கள். உங்கள் மேல் தீர்ப்பாயத்தின் 2021 வழிகாட்டித் தீர்ப்பு, புலம்பெயர் செயற்பாட்டில் தடைசெய்யப்பட்ட அமைப்புகளோடுள்ள தொடர்பைக் கவனிக்கச் சொல்கிறது. எந்த வருட வர்த்தமானியை வைத்துக் கவனிப்பது? முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் விடை மாறுகிறது.

இன்னொன்று, சின்ன விஷயம் போலத் தெரியும். ஈழத்தமிழில் ‘மூன்று கிழமை’ என்றால் 21 நாள். தமிழ்நாட்டில் கிழமை என்பது திங்கள், செவ்வாய் என்கிற நாள். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டவரானால் முதல் இன்டர்வியூவிலேயே மூன்று வாரம் மூன்று நாளாகிவிடலாம். கொழும்பில் பொலிஸ் விசாரணைத் தடுப்பிடத்தைக் குறிக்கும் ‘நாலாம் மாடி’ வெறும் மாடியாகிவிடும். பெரிய இன்டர்வியூ அடுத்த மாதமே நடந்தால் தவறு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கலாம். மூன்று வருடம் கழித்து நடந்தால் அதற்குப் பெயர் முரண்பாடு.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஆவணம் கிடைத்த மூன்று மாதத்துக்குள் சரிபார்க்க வேண்டியதைச் சரிபாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த கேஸுக்கு முடிவெழுத முன்னர், எந்தக் கடதாசியைப் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டு எட்டுக் கிழமை தாருங்கள். கிழமை என்றால் வாரம். இரண்டு சட்டத்தரணிகள் தனித்தனியே எடுத்த நீதிமன்ற ஆவணங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்று உங்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2014இலேயே சொல்லியிருக்கிறது. அதை மறக்க வேண்டாம்.

சரிபார்க்கும்போது நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் போதும். பொலிஸ் நிலையத்தில் கேட்க வேண்டாம். விண்ணப்பதாரர் பிரித்தானியாவில் இருக்கிறார் என்பது கடிதத்தின் எந்த வரியிலும் வரக்கூடாது. அவருடைய வீட்டார் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
புதுக்கடைச் சட்டத்தரணிகளும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களும் சிலர்
கொழும்பு 12