கடைசி நாளுக்கு ராயக்கோட்டை வழி

தருமபுரி,
மார்கழி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. புனேயிலிருந்து சைக்கிளிலேயே பொங்கலுக்கு ஊர் வந்து சேரப்போகிறாய் என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. உன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முதலில் திட்டினார்கள், அப்புறம் எந்தத் தேதி என்று மூன்று தடவை கேட்டார்கள். மூட்டு வலி கொஞ்சம் பரவாயில்லை, நடமாட்டம் இருக்கிறது, கவலைப்படாதே. இங்கே மா பூக்கத் தொடங்கிவிட்டது. என் பெண்ணுக்கு அரையாண்டு விடுமுறை முடிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரு வரைக்கும் நீ போட்ட திட்டத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி நாளைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம் வழியாக வருவதாக எழுதியிருக்கிறாய். காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஊருக்குள் நுழையும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வழி வேண்டாம்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். தருமபுரி 500 மீட்டருக்குக் கீழே. ஆறு நாள் மிதித்து வருகிறவனுக்கு இந்த 400 மீட்டர் இறக்கம் கையிருப்புப் பணம் மாதிரி. ஒகேனக்கல் வழியில் போனால் அதை முழுசாகச் செலவழித்து, சுமார் 250 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுவாய். அங்கிருந்து பென்னாகரத்துக்கு மலைப்பாதையில் ஏறியாக வேண்டும். மொத்த தூரம் 120 கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் காடு வேறு, யானை நடமாட்டம் உள்ள இடம். ஒரு பஞ்சர், ஒரு மணி நேரம் தாமதம் என்றால்கூட இருட்டும் நேரத்தில் அங்கே மாட்டிக்கொள்வாய். 900 கிலோமீட்டர் ஓட்டி வந்த உடம்போடு அந்த ஏற்றத்தின் அடியில் நிற்கும்போது காவிரியாவது, அழகாவது.

அப்படியானால் நேராகக் கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையிலேயே வரலாமே என்பாய். அதில் நான் பட்டது உனக்குத் தெரியாது, எழுதியதில்லை. போன வருஷம் பிரெவே என்கிற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 600 கிலோமீட்டர் ஓட்டினேன். 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எனக்கு நேரம் நிறையவே மிச்சம் இருந்தது. சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கத்தில், விடியற்காலை, தூக்கமில்லாத இரண்டாவது இரவு. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. பக்கத்தில் லாரிகள் இறங்கும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஓரத்தில் ஒதுங்கினேன். லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி இழை ஒன்று பின்சக்கரத்தில் குத்தி, இறக்கத்திலேயே காற்று போய்விட்டது. முழங்கை தேய்ந்ததோடு தப்பினேன். ஆனால் எழுந்து உட்கார்ந்தபோது, ஒரு பஞ்சரைக்கூட ஒழுங்காக ஒட்டத் தெரியாத அளவுக்கு மூளை மந்தமாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. கடைசிப் பகுதிக்கான வழியை, புறப்படும்போது இருக்கிற நம் உடம்பை வைத்து முடிவு செய்கிறோம். அந்த வழியில் ஓட்டப்போகிறவனோ வேறு ஆள்.

அதோடு நீ வருவது போகிக்கு முந்தின நாள். பெங்களூரில் இருக்கிற நம் ஆட்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் காரிலும் பஸ்ஸிலும் ஊருக்குக் கிளம்புவார்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையை நீ பார்த்திருக்கிறாய். அந்த அவசரத்துக்கு நடுவே சைக்கிள் எதற்கு?

அதனால் ராயக்கோட்டை வழியாக வா. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி, கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர்தான். ராயக்கோட்டை வரை மேடும் பள்ளமுமாக இருக்கும், பெரிய ஏற்றம் கிடையாது. அங்கே ஒரு டீ குடி, மலைக்கோட்டையை நிமிர்ந்து பார். பாராமஹால் என்று அப்போது சொன்ன நம் பகுதியிலிருந்து மைசூர் மேட்டு நிலத்துக்கு ஏறும் வழியைக் காவல் காத்த கோட்டை அது, திப்புவோடு நடந்த சண்டையில் 1791இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. படைகள் ஏறிய வழியில் நீ இறங்கப்போகிறாய். ராயக்கோட்டையைத் தாண்டியதும் இறக்கம்தான். சாலையை அகலப்படுத்திவிட்டார்கள், ஓரத்தில் இடம் உண்டு. தக்காளி ஏற்றிய வண்டிகள் வரும், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. சேலம் - பெங்களூரு ரயில் பாதையும் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு என்று ஸ்டேஷன்கள். முட்டி மக்கர் பண்ணினாலோ ரிம் வளைந்தாலோ நடுக்காட்டில் நிற்க மாட்டாய்.

ஓசூரில் விடியலில் பனி மூட்டமாக இருக்கும், குளிரும். எட்டு மணிக்கு முன்னால் கிளம்பாதே. முழுவிரல் கையுறை கட்டாயம் போடு, பிரேக் கட்டையை முந்தின இரவே பார்த்துவிடு. ஜனவரிக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும், பெரும்பாலும் உன் இடது பக்கமிருந்துதான் வரும், எதிர்க்காற்றாக இருக்காது. நிதானமாக வந்தாலும் இரண்டு, இரண்டரைக்கு வீட்டில் இருப்பாய். புதுச் சாலை அதியமான்கோட்டைக்குப் போய் நெடுஞ்சாலையில் சேர்கிறது. நீ அதில் போகாமல், பாலக்கோட்டிலிருந்து புலிகரை வழியாகப் பழைய சாலையில் ஊருக்குள் வா.

ஒகேனக்கல்லை நான் மறக்கவில்லை. மாட்டுப் பொங்கல் கழித்து ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழு. இங்கிருந்து 46 கிலோமீட்டர், இரண்டு பேரும் விடியலில் கிளம்பிப் போகலாம். திரும்பும்போது சைக்கிள்களை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

ராயக்கோட்டையில் டீ குடிக்கும்போது ஒரு போன் போடு. நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன், மிச்ச தூரம் சேர்ந்தே ஓட்டுவோம். மொச்சைக்கொட்டைக் குழம்பும் களியும் என்று உன் அம்மா இப்போதே முடிவு செய்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் பழைய பெஞ்ச் நண்பன்